ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாள் வரிசை அமைப்பது எப்படி: கரண்ட் போகிற ஊரில் செய்து பார்த்த முழுமையான வழிகாட்டி

ரங்கூனில் எங்கள் வீடு நாலாவது மாடி. கரண்ட் இருந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் மேலே தண்ணீர் ஏறும். என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது 11 வயது. அவனுக்கு நான் முதன்முதலில் போட்டுக் கொடுத்த அட்டவணையில் "மாலை 6 மணி: குளியல்" என்று எழுதியிருந்தேன். கரண்ட் இல்லாத ஒரு நாள் ஆறு மணி ஆனதும் குளியலறை வாசலில் போய் நின்றவன், தண்ணீர் இல்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும் நகராமல், உள்ளங்கையால் கதவை அறைந்துகொண்டே இருந்தான். கை சிவந்துபோனது.

அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு விதமாகச் செய்தோம்: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படச்சீட்டு, எது முடிந்ததும் எது என்ற வரிசையில் சுவரில். அதற்கப்புறம் எங்கள் தெருவிலும் கோவில் பழக்கத்திலுமாக நாலைந்து குடும்பங்களோடு உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்குகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். நேராகப் படம் ஒட்டுவதில் ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

1. வழக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம், "பிடிவாதம் பிடிக்கிறான்" என்று வீட்டில் ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தாலும் மற்ற எந்தப் படியும் நிற்காது.

அடுத்து என்ன நடக்கும் என்பதை நாம் நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருக்கிறோம், அது நமக்கே தெரிவதில்லை. அம்மா பையை எடுத்தால் கடைக்குப் போகிறாள், அப்பா சட்டையைக் கழற்றினால் இனி வெளியே போகமாட்டார். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த ஊகம் தானாக வருவதில்லை. மின்விசிறிச் சத்தம், தெருவில் ஹாரன், தாளிக்கிற வாசனை, சட்டைக் காலரின் உறுத்தல் எல்லாம் ஒரே அளவு பலத்தோடு உள்ளே வருகின்றன. அதற்கு நடுவில் யோசிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று வேண்டும். முன்பே தெரிந்த வரிசை அந்த வேலையைச் செய்கிறது.

அது கலையும்போது வருகிற அழுகை பெரும்பாலும் பயம். நிச்சயமில்லாத நிலையைத் தாங்க முடியாததும் பதற்றமும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் சேர்ந்தே காணப்படுகின்றன என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறிதல் கையேட்டில், மாறாத வழக்கத்தை வலியுறுத்துவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாயிக்கு இதை நான் இப்படித்தான் சொன்னேன்: "கண்ணைக் கட்டி ரயிலில் ஏற்றிவிட்டால், எந்த ஸ்டேஷன் வருது, எங்கே இறங்கணும்னு யாரும் சொல்லலைன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?" அதற்கப்புறம் அவர் ஒருநாளும் அவனை அதட்டவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு இருக்காது, அதையும் சொல்லிவிடுங்கள். சிலருக்கு நாள் மாறினால் பரவாயில்லை, போகிற வழி மாறினால்தான் தாங்காது.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்

ஒரு நோட்டு போதும். மூன்று விஷயம் எழுதுங்கள்: அவன் தானாகவே வரிசையாகச் செய்வது எது, அழுகை எங்கே தொடங்குகிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது.

எழுதிப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் ஒன்று தெரியவரும். அழுகை ஒரு வேலையின் நடுவில் வருவதில்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில் வருகிறது. டிவியை அணைத்ததும், செருப்பு மாட்டும்போதும், வண்டியிலிருந்து இறங்கும்போதும். அந்த இடைவெளிகளுக்குத்தான் நீங்கள் வரிசை போடப்போகிறீர்கள்.

அவனுடைய சொந்த வழக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். என் மகன் வெளியே போகும் முன் தாழ்ப்பாளை மூன்று முறை தொடுவான். யாருக்கும் தொந்தரவில்லாத இந்த மாதிரிப் பழக்கத்தை நிறுத்த வேண்டாம். அவன் தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு அது, நம்முடையதை அதன் பக்கத்தில் வைக்கவேண்டும்.

கூடவே உடம்பையும் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு, இவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை வேறு விதமாகக் காட்டும். வலியோடு இருக்கிற பிள்ளைக்கு எந்த அட்டவணையும் உதவாது.

3. தேவையான பொருள்கள்

கேமரா உள்ள போன், கெட்டி அட்டை, அகலமான ஒளிபுகும் டேப், தையல் சாமான் கடையில் கிடைக்கும் வெல்க்ரோ, மூடியுள்ள ஒரு டப்பா. அவ்வளவுதான்.

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை, காகிதம் ஊறிப் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள், ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு "சோறு" சீட்டு, அதுவும் தொலைந்துபோன மாலை எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

போனிலேயே அட்டவணை வைத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். சார்ஜ் தீர்ந்தால் அவன் நாளே காணாமல் போய்விடும். அதனால் சுவரில்தான் இருக்க வேண்டும்.

4. ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்யுங்கள்

இது நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உள்ள சிக்கல். அப்பாயி "குளிக்க வாடா" என்பார், அவன் அப்பா கடை ஞாபகத்தில் பர்மியச் சொல்லில் "யே ச்சோ" என்பார், சொல்லித்தர வரும் டீச்சர் "பாத்" என்பார். நமக்கு மூன்றும் ஒன்று. அவனுக்கு மூன்று வேறு வேறு விஷயங்கள், எதற்குத் தயாராவது என்று தெரியாது.

எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சொல்லை முடிவு செய்து, சீட்டின் பின்னால் எழுதிவிடுங்கள். எந்த மொழி என்பது பெரிய விஷயமில்லை, அவன் அதிகம் கேட்கிற மொழியாக இருந்தால் நல்லது. தமிழை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டு ஒரு அம்மா கண் கலங்கினார். வேண்டியதில்லை. வீட்டுச் சீட்டு தமிழில் இருக்கட்டும், பள்ளிச் சீட்டு பர்மிய மொழியில் இருக்கட்டும். ஒரே சீட்டுக்கு இரண்டு சொல் மட்டும் வேண்டாம், குறைந்தது முதல் சில மாதங்களுக்கு.

5. மணியை எடுத்துவிட்டு வரிசையை வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அவனுக்கு வேண்டியது "எது முடிந்ததும் எது" என்கிற நிச்சயம். அதைக் கடிகாரத்தில் கட்டினால், கடிகாரம் நம் கையில் இல்லாத ஊரில் நாமே தினமும் வாக்கு மீறுகிறவர்கள் ஆகிவிடுகிறோம். கரண்ட் எப்போது வரும், பஸ் எப்போது வரும், அப்பா எப்போது கடை அடைப்பார், எதற்கும் உறுதி கிடையாது. ஆனால் விளையாட்டு முடிந்ததும் குளியல், குளியல் முடிந்ததும் சோறு, சோறு முடிந்ததும் படுக்கை என்பதை எந்த நாளிலும் காப்பாற்ற முடியும், அரை மணி முன்பின் ஆனாலும்.

முதலில் என்ன ஆனாலும் நடக்கும் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுவது, மாலைச் சோறு, தூங்குவது. இவை மூன்றும் தூண்கள். மற்றதை இவற்றின் மேல் சாய்த்து வையுங்கள்.

நாள் முழுவதையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். குறிப்பு நோட்டில் எந்தப் பகுதி மோசமாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து, நாலு அல்லது ஐந்து சீட்டு. சிறு பிள்ளையாக இருந்தால், அல்லது இதெல்லாம் புதிது என்றால், இரண்டே சீட்டில் ஆரம்பிக்கலாம்: முதலில் இது, அப்புறம் அது. "முதலில் செருப்பு, அப்புறம் ஊஞ்சல்." பத்து நாளில் மூன்றாவது சீட்டு சேர்க்கலாம்.

6. படச்சீட்டு செய்வதும் மாட்டுவதும்

இணையத்திலிருந்து எடுத்த வெளிநாட்டுக் குளியல் தொட்டியின் படத்தை ஒட்டுகிறவர்கள் நிறைய. அது அவனுக்குக் குளியல் இல்லை. உங்கள் வீட்டு நீல டிரம்மையும் அதன் மேல் கவிழ்ந்திருக்கும் குவளையையும் போட்டோ எடுங்கள், பின்னால் துணி தொங்காமல், அந்தப் பொருள் மட்டும் தெரியும்படி.

போட்டோவும் புரியாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் பொருளையே கொடுங்கள்: குவளையைக் கையில் கொடுத்தால் குளியல், தட்டைக் கொடுத்தால் சோறு. அது பழகியதும் போட்டோ, அப்புறம் கோட்டுப் படம், படிக்கத் தெரிந்தால் வெறும் சொல். இதில் அவசரப்பட்டுத் தாவினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அவன் கண் உயரத்துக்கு, மேலிருந்து கீழாக மாட்டுங்கள். நம் கண் உயரத்தில் மாட்டுவது எல்லாரும் செய்கிற தவறு.

கீழே மூடியுள்ள டப்பா ஒன்று, அதன் மேல் "முடிந்தது". ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அவனே சீட்டைப் பிய்த்து டப்பாவில் போட வேண்டும். முடிவு என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம், அதைக் கையால் தொடக்கூடியதாக ஆக்குகிறோம். என் மகன் இதைப் பிடித்துக்கொண்ட அன்று, குளியல் சீட்டைப் போட்டுவிட்டு மூடியைப் பெருவிரலால் அழுத்தினான், "டக்" என்று சத்தம் வந்தது, மறுபடி அழுத்திப் பார்த்தான், பிறகு ஈரத் தலையோடு நேராகச் சுவருக்குப் போய் அடுத்த சீட்டில் விரல் வைத்தான். சோறு. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

7. பழக்குவது

முதல் வாரம் அவனுக்குப் பிடித்ததும் ஏற்கெனவே செய்வதுமான வேலைகளை மட்டும் வையுங்கள். சீட்டு சொன்னால் அது நடக்கும் என்கிற நம்பிக்கைதான் முதலில் வர வேண்டும். பல் தேய்ப்பது, நகம் வெட்டுவது என்று அவன் வெறுப்பதை மட்டும் ஒட்டினால் அந்தச் சுவரையே வெறுப்பான்.

கேள்வி கேட்காதீர்கள். "அடுத்து என்ன? சொல்லு, சொல்லு" என்பது அவனுக்குப் பரீட்சை. பின்னால் நின்று, கையைப் பிடித்துச் சீட்டின் மேல் வைத்து, அந்த ஒரு சொல்லைச் சொல்லி, அழைத்துப் போங்கள். சில நாளில் கையைத் தளர்த்துங்கள்.

பிடித்த வேலையை நிறுத்தும் முன் எச்சரிக்கை வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது காற்றில் போய்விடும், மணல் கடிகாரம் அல்லது ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டுவது நிற்கும்.

அப்புறம், தண்டனையாக எந்தச் சீட்டையும் பிடுங்காதீர்கள். "சேட்டை பண்ணினே, ஊஞ்சல் கிடையாது" என்று ஒருமுறை சீட்டை எடுத்துவிட்டால், சுவரில் இருப்பது எதுவும் உறுதியில்லை என்று அவன் கற்றுக்கொள்கிறான். இதுவரை செய்தது அத்தனையும் அதோடு போயிற்று.

8. "மாற்றம்" சீட்டு

வரிசை நன்றாக ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இது. முன்னால் செய்யக்கூடாது, மாறுவதற்கு முதலில் ஒன்று நிலைத்திருக்க வேண்டுமே.

ஒரே நிறத்தில் ஒரு வெற்று அட்டை. எங்களுடையது மஞ்சள். மாறுகிற சீட்டின் மேல் அதை ஒட்டி, பக்கத்தில் புதியதை வையுங்கள். முதல் பத்து முறையாவது மாற்றம் நல்லதாக இருக்க வேண்டும்: எழுதுவதற்குப் பதில் ஊஞ்சல், கஞ்சிக்குப் பதில் அவனுக்குப் பிடித்த மோஹிங்கா (மீன் குழம்பில் போட்ட அரிசி நூடுல்ஸ்). மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் உடம்பு விறைக்காமல் இருக்கப் பழகிய பிறகே கெட்ட செய்திக்கு அதைப் பயன்படுத்துங்கள். முதல் தடவையே "இன்று பார்க் இல்லை" என்று ஒட்டிய வீட்டில் அந்த அட்டை கடித்துக் கிழிக்கப்பட்டது.

இப்போது கரண்ட். இதற்கு மஞ்சள் அட்டை போதாது, ஏனென்றால் இது தினமும் நடப்பது. தினமும் நடப்பதை வரிசைக்குள்ளேயே கொண்டுவந்துவிட வேண்டும். குளியல் சீட்டுக்குக் கீழே இரண்டு சிறு படம் வைத்தோம்: பல்பு எரிந்தால் குழாய், பல்பு எரியாவிட்டால் டிரம்மும் குவளையும். இரண்டும் குளியல்தான். கரண்ட் இருக்கும் நாளிலும் வாரத்துக்கு இரண்டு முறை டிரம்மில் குளிக்க வைத்தோம், அது ஒரு விபத்தாகத் தெரியக்கூடாது என்பதற்காக. இதில் டிரம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

சாயங்காலம் திடீரென்று இருண்டால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஒரு சின்ன வரிசை: உட்காருவது, பேட்டரி விளக்கு, கையில் அவன் துணிப் பந்து. விளக்கு எப்போதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும், அதை அவனே போய் எடுக்க வேண்டும்.

கரண்ட் திரும்பி வரும்போது தெருவே ஒரு சேர "மீ லா ப்யி" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்துமே, அதுவும் அவனை உலுக்கியது. நல்ல செய்தி என்று நாம் நினைக்கிறோம், அவனுக்கு அது எதிர்பாராத சத்தம். ஒரு போட்டோவும் ஒரே ஒரு வரியும் வைத்தோம்: "கரண்ட் வரும். எல்லாரும் கத்துவார்கள். நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்." தினமும் பகலில் வாசித்துக் காட்டினேன். இப்போது காதைப் பொத்திக்கொண்டு அவனும் சேர்ந்து கத்துகிறான்.

இதில் ஒரு விதி. "ஏழு மணிக்கு வந்துடும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அறிவித்த நேரத்தை நம்பிச் சொன்னாலும் மாறிவிடுகிறது. "எப்போ வரும்னு தெரியாது. இப்போ விளக்கு. அப்புறம் சோறு." தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, உடனே தெரிந்ததைக் கையில் கொடுங்கள்.

9. திஞ்ஜான், பள்ளி திறப்பு, கோவில் திருவிழா

பெரிய மாற்றங்களுக்கு ஒரு மாதக் காலண்டர் வேண்டும், தினமும் இரவு ஒரு கட்டத்தை அவனே அடிக்கும்படி.

ஏப்ரல் நடுவில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜான்தான் எங்களுக்கு ஆண்டிலேயே கடினமான வாரம். தெருவில் யார் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், பாட்டுச் சத்தம் நெஞ்சில் இடிக்கும், நமக்கு சித்திரை முதல் தேதியும் அதற்குள்ளேயே வருவதால் வீட்டில் விருந்தாளி வேறு. ஆனால் என் மகனை அதிகம் வருத்தியது இவை எதுவும் இல்லை. தினமும் காலையில் அவன் மோஹிங்கா சாப்பிடும் டீக்கடையில் வேலை செய்கிற பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கடை பல நாள் மூடியிருக்கும். மூடிய கதவின் முன் நின்றபோதுதான் எனக்கே அது உறைத்தது. இப்போது ஒரு வாரம் முன்பே மூடிய கடையின் போட்டோவைக் காலண்டரில் அந்த நாள்களில் ஒட்டி, திறக்கும் நாளுக்கு நேராகக் கிண்ணத்தின் படத்தையும் ஒட்டிவிடுகிறோம். திறக்கும் தேதியைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். உறுதியாகச் சொல்லமுடியாது என்று அவர் சொன்னால் இரண்டு நாள் தள்ளி ஒட்டுங்கள். முன்னால் திறந்தால் நல்ல மாற்றம், மஞ்சள் அட்டை போதும்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சீருடையைத் துவைத்து மென்மையாக்கி வீட்டில் கொஞ்ச நேரம் போட வையுங்கள், அதே வழியில் வாசல் வரை போய்த் திரும்புங்கள்.

அனோரதா சாலை காளி கோவிலுக்குக் கூட்டம் இல்லாத வேளையில் போய்ப் பழக்கிவிட்டு, திருவிழா அன்று குறைந்த நேரம் போகலாம். எங்கே நிற்போம், எப்போது கிளம்புவோம் என்பதற்கும் சீட்டு வேண்டும். "வீடு" சீட்டு அவன் கையில் இருக்கட்டும், அதை அவன் நீட்டினால் பூசை பாதியில் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். அம்மன் கோபிக்கமாட்டாள்.

10. வரிசை இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வது

நன்றாகப் போகும் வாரங்களில் மட்டும், ஒரு நேரத்தில் ஒன்றை, மிகச் சிறியதாக மாற்றுங்கள். சிவப்புக் குவளைக்குப் பதில் பச்சை. இரண்டு சீட்டைக் காட்டி எது முதலில் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்வது இன்னும் நல்லது, தானே தேர்ந்த மாற்றம் அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

"இப்போ நல்லா இருக்கான், எடுத்துடலாமா?" என்று கேட்பார்கள். எடுக்காதீர்கள். அது இருப்பதால்தான் நன்றாக இருக்கிறான். வளர வளர சுவரிலிருந்து நோட்டுக்கும், நோட்டிலிருந்து போன் காலண்டருக்கும் மாறலாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே தங்கள் நாளை இப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் புதிதாக முடிவு செய்வதில் போகிற சக்தி மிச்சமாகிறது.

11. பலிக்கவில்லை என்றால்

முதலில் சீட்டுகளை எண்ணுங்கள், ஏழெட்டு இருந்தால் பாதியாக்குங்கள். படத்தை அவனிடம் தனியாகக் கொடுத்து அந்தப் பொருளை எடுத்துவரச் சொல்லுங்கள், எடுக்கவில்லை என்றால் படம் புரியவில்லை, ஒரு படி கீழே போங்கள். வீட்டில் யாராவது சீட்டைப் பார்க்காமல் வேலையை மாற்றுகிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் யாரோ ஒருவர் செய்துகொண்டிருப்பார்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது திடீரென்று ஒரே வாரத்தில் சரிந்தால் அட்டவணையைத் தொடாதீர்கள். பல், காது, வயிறு, தூக்கம் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். எங்களுக்கு ஒருமுறை அது கடைவாய்ப் பல்லாக இருந்தது. டாக்டரிடம் போவதற்கும் சீட்டு உண்டு: நாற்காலி, வாயைத் திறப்பது, விளக்கு, முடிந்தது, வீடு.